கேம்ப் அடுப்பு மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

கையில் தூக்கிப் போகும் புரொப்பேன் அடுப்பில் வரும் பழுதுகள் மொத்தமே ஏழெட்டுதான், திரும்பத் திரும்ப அவையேதான் வருகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் அடுப்பிலேயே இருக்காது, சிலிண்டர் வாய்க்கும் ஜெட்டுக்கும் (பர்னருக்குக் கேஸை விடும் நுண்துளை உள்ள பித்தளைத் துண்டு) நடுவில் எங்கோ இருக்கும். இது தெரியாமல் "தீ போதவில்லை, ஜெட் ஓட்டையைக் கொஞ்சம் பெரிசு பண்ணிவிடலாம்" என்று துளை போட்டுக் கெடுத்த பிறகு என்னிடம் வரும் அடுப்புகளே அதிகம். தூசி தட்டினால் போதும் என்கிற இடத்தில் ஏன் துளை போட வேண்டும்?

அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் காசு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் போட்டிருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போங்கள், ஆனால் அதற்குள் வரிசையைத் தாண்டாதீர்கள். வேண்டியது சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், டார்ச், சரியான அளவில் இரண்டு ஸ்பேனர், கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், குழாய்க்குள் விட்டு இழுக்க மெல்லிய கம்பி பிரஷ். வேலை முழுக்கத் திறந்தவெளியில், சிலிண்டரைக் கழற்றி, அடுப்பு ஆறிய பிறகு.

## கேஸ் வாசனை வருகிறது

மற்றதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம், இதை இப்போதே பார்க்க வேண்டும். சிலிண்டர் வால்வை மூடுங்கள், நாப்பை மூடுங்கள், பக்கத்தில் எரிகிற எதையும் அணையுங்கள், அடுப்பை வெளியே கொண்டு போங்கள். புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், மேலே போய்க் கலையாது, கூடாரத் தரை, படகின் அடித்தட்டு, கார் டிக்கி என்று பள்ளம் பார்த்துத் தேங்கும். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும் என்பதால் வாசனை குறைந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது.

### சிலிண்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் வருகிறது

பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, எல்லா நாப்பையும் மூடிவிட்டு, சிலிண்டரை மட்டும் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷால் தடவுங்கள். அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம், அது பித்தளையில் விரிசல் உண்டாக்கும். தீக்குச்சி கொளுத்திக் காட்டிக் கசிவைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

குமிழி சிலிண்டர் மாட்டும் இடத்தில் வந்தால் பெரும்பாலும் ரப்பர் ஓ-ரிங்தான். கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு மணல் துகளோ ஒற்றை முடியோ போதும். ரிங் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால், விரலால் வளைக்கும்போது நுண்ணிய வெடிப்பு தெரிந்தால், புதிது போடுங்கள், அடுப்புத் தயாரிப்பாளர் சொன்ன அதே அளவில், நைட்ரைல் ரப்பரில். தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் இபிடிஎம் ரிங் புரொப்பேனில் ஊறி உப்பிவிடும். அப்புறம், சின்ன சிலிண்டரைக் கையால்தான் இறுக்க வேண்டும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ரிங் நசுங்கிக் கசிவு கூடத்தான் செய்யும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் வீண், அங்கே கேஸை நிறுத்துவது ரிங்தானே தவிர மரை இல்லை.

குமிழி ட்யூபின் நடுவிலோ, உலோக முனையோடு சேரும் இடத்திலோ வந்தால் முழு ட்யூபையும் மாற்றுங்கள். டேப் சுற்றுவது, கிளாம்ப் போடுவது எதுவும் கூடாது. குமிழி வராவிட்டாலும் ட்யூபை வளைத்துப் பாருங்கள், மேல் தோலில் வெடிப்புக் கோடு ஓடினால் அதற்கு வயதாகிவிட்டது.

### நாப் தண்டிலோ ரெகுலேட்டரிலோ குமிழி

நாப் தண்டைச் சுற்றிக் குமிழி என்றால் வால்வின் உள்ளே இருக்கும் சீல் போய்விட்டது. முழு வால்வும் தனியாகக் கிடைத்தால் மாற்றலாம், கிடைக்காவிட்டால் கேஸ் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ரெகுலேட்டரின் முகத்தில் குண்டூசித் தலை அளவில் ஒரு சுவாசத் துளை இருக்கும், அங்கே குமிழி வந்தால் உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது, ரெகுலேட்டர் குப்பைக்கு. அந்தத் துளையைப் பசை வைத்து அடைப்பதைப்போல ஆபத்தான வேலை இந்த அடுப்பில் வேறு எதுவும் இல்லை.

### கழற்றிய பிறகும் சிலிண்டர் உஸ்ஸென்கிறது

465 கிராம் அளவிலான, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் சிலிண்டர்களில் இது சகஜம். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் வால்வில் தூசி சிக்கிக்கொள்கிறது. அடுப்பைத் திரும்ப மாட்டி ஒரு தடவை கழற்றுங்கள், பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். உட்காரவில்லையென்றால் அடுப்பிலேயே மாட்டி வெளியே வைத்து எரித்துத் தீர்த்துவிடுங்கள். கூட வரும் பிளாஸ்டிக் மூடி தூசிக்கு மட்டும்தான், கேஸை அது நிறுத்தாது. பெரிய சிலிண்டரின் வால்வே கசிந்தால் கை வைக்காதீர்கள், நிமிர்த்தி வெளியில் வைத்துவிட்டு சிலிண்டர் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

## பற்றவே மாட்டேன் என்கிறது

முதலில் ஒரு தீக்குச்சியோ நீளமான லைட்டரோ வைத்துப் பற்றவைத்துப் பாருங்கள். பற்றிக்கொண்டால் பழுது இக்னைட்டரில், பற்றாவிட்டால் கேஸில். இந்த ஒரே சோதனையில் பாதித் தேடல் முடிந்துவிடும்.

### தீக்குச்சியில் பற்றுகிறது, பட்டனில் பற்றவில்லை

இருட்டாக்கிவிட்டு, கேஸை மூடிவிட்டு, பட்டனை அழுத்திப் பாருங்கள். பொறி தெரிகிறதா, தெரிந்தால் எங்கே தாவுகிறது என்பதுதான் கேள்வி. பர்னருக்குத் தாவாமல் கம்பியின் நடுவிலிருந்து அடுப்பின் உடம்புக்குத் தாவினால் கம்பியின் உறை உரிந்திருக்கிறது, அல்லது அதன் முனையைத் தாங்கும் பீங்கான் வெடித்திருக்கிறது. பொறியே இல்லையென்றால் அடியில் ஒயர் கழன்று தொங்குகிறதா என்று பாருங்கள், பல தடவை அவ்வளவுதான் விஷயம். ஈரம், பொங்கி வழிந்த உணவின் காய்ந்த படலம் இரண்டும் பொறியைத் தின்றுவிடும், துடைத்துக் காயவையுங்கள். முனைக்கும் பர்னருக்கும் இடைவெளி நாலைந்து மில்லிமீட்டருக்கு மேல் போயிருந்தால் முனையை மெதுவாக வளைத்துக் கிட்டே கொண்டுவாருங்கள், பீங்கானைப் பிடித்து வளைத்தால் உடையும், உலோகத்தைப் பிடித்து வளையுங்கள்.

உயரமான மலையில் மட்டும் பொறி மக்கர் செய்தால் அது பழுதில்லை, பட்டனை அழுத்தினால் பொறி தரும் பியசோ இக்னைட்டர்கள் அங்கே அப்படித்தான். பட்டன் செத்துவிட்டால் மாற்றலாம், மாற்றாமல் லைட்டரோடே காலம் தள்ளலாம். நான் இரண்டாவது கட்சி. இக்னைட்டரை நம்பி யாரும் வீட்டை விட்டுக் கிளம்பக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

### தீக்குச்சியிலும் பற்றவில்லை

நாப்பைத் திறந்து காதை வையுங்கள், முகத்தை வைக்காதீர்கள். சத்தமே இல்லையென்றால் சிலிண்டர் காலியா என்று எடை போட்டுப் பாருங்கள், வெற்று எடை சிலிண்டரிலேயே அச்சிட்டிருக்கும். எடை இருந்தும் கேஸ் வரவில்லையென்றால் சிலிண்டர் முழுதாக மாட்டப்படவில்லை, உள்ளே இருக்கும் ஊசி சிலிண்டர் வால்வை அழுத்தவில்லை. கழற்றி நேராகப் பிடித்து மறுபடி மாட்டுங்கள், மரை கோணலாக ஏறியிருந்தால் கையிலேயே தெரியும். பழைய மாதிரி பெரிய சிலிண்டர் இணைப்பு ஒன்று இடப்பக்க மரை கொண்டது, அதை இறுக்க இடப்பக்கம்தான் திருப்ப வேண்டும். இது தெரியாமல் மல்லுக்கட்டி மரையைக் கெடுத்தவர்கள் உண்டு.

சத்தம் வருகிறது, பற்றவில்லை என்றால், நீங்கள் நாப்பை முழுக்கத் திறந்திருப்பீர்கள். தீயை முதலில் காட்டிவிட்டு, அப்புறம் நாப்பைக் கால்வாசி மட்டும் திறங்கள். அதிலும் இல்லையென்றால் ஜெட்டுக்கும் பர்னருக்கும் நடுவில் கேஸும் காற்றும் கலக்கும் கலவைக் குழாயில் அடைப்பு, "மஞ்சளாக எரிகிறது" பகுதிக்குப் போங்கள்.

## தீ சின்னதாக எரிகிறது

அதிகமாகக் கேட்கப்படும் பழுது இதுதான், அதிகமாகக் கெடுக்கப்படுவதும் இதில்தான். எப்போதிலிருந்து சின்னதானது என்று யோசியுங்கள், பதிலைப் பொறுத்து வழி பிரிகிறது.

### பெரிய சிலிண்டரில் மாட்டினதிலிருந்து

பெரிய சிலிண்டருக்கான பல இணைப்புகளில் கேஸ் திடீரென்று பாய்ந்தால் தானே மூடிக்கொள்ளும் பாதுகாப்பு வால்வு இருக்கிறது. ட்யூப் அறுந்தால் காப்பாற்றத்தான் அது. ஆனால் நாப் திறந்திருக்கும்போதோ, அவசரமாகவோ சிலிண்டரைத் திறந்தால், ட்யூப் அறுந்துவிட்டது என்று நினைத்து அது பாதி மூடிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு திருகினாலும் தீ விரல் நுனி உயரத்துக்கு மேல் வராது. எல்லாவற்றையும் மூடுங்கள், இணைப்பைக் கழற்றுங்கள், சில நிமிடம் விடுங்கள், மாட்டுங்கள், நாப்கள் மூடியிருக்க சிலிண்டர் வால்வை மெல்ல மெல்லத் திறங்கள். கால் சுற்று, ஒரு மூச்சு, அப்புறம் மிச்சம். "ரெகுலேட்டர் போச்சு" என்று வரும் பலவும் இதில் சரியாகிவிடும்.

சரியாகவில்லையா? வழியில் எத்தனை ரெகுலேட்டர் இருக்கிறது என்று எண்ணுங்கள். சின்ன சிலிண்டருக்காகச் செய்த அடுப்பில் ரெகுலேட்டர் ஏற்கெனவே உடம்போடு இருக்கும், அதற்குச் சிலிண்டரின் முழு அழுத்தம் தேவை. நீங்கள் வீட்டு அடுப்பின் ட்யூபை மாட்டினால் அதில் வரும் 28 அல்லது 30 மில்லிபார் அழுத்தம் மறுபடி ஒரு ரெகுலேட்டருக்குள் நுழைந்து ஒன்றுமில்லாமல் போகும். இதற்கு வேண்டியது ரெகுலேட்டர் இல்லாத, உயர் அழுத்தத்துக்கென்றே செய்த ட்யூப். தலைகீழ்ச் சூழ்நிலை ரொம்ப ஆபத்து: ரெகுலேட்டர் இல்லாத, 28, 30, 37 அல்லது 50 மில்லிபாருக்குச் செய்த அடுப்பில் அந்த உயர் அழுத்த ட்யூபை மாட்டினால் தீ தலைக்கு மேல் எழும்பும். சாதாரணமாக 20 டிகிரி வெயிலில் சிலிண்டருக்குள் ஏழு பாருக்கு மேல் அழுத்தம் இருக்கிறது, அதாவது ஏழாயிரம் மில்லிபார். அடுப்பின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

### ஆரம்பத்தில் நன்றாக, நேரம் ஆக ஆகக் குறைகிறது

சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால், வெளியில் வெண்பனி படிந்திருந்தால், கேஸ் உள்ளே ஆவியாகும் வேகத்தில் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் விழுந்திருக்கிறது. சின்ன சிலிண்டரில் பெரிய பர்னரை ஃபுல்லில் வைத்தால் இது வந்தே தீரும். 10,000 பிடியு (பர்னரின் வெப்ப அளவு) பர்னர் மணிக்குச் சுமார் 210 முதல் 230 கிராம் வரை குடிக்கும், 465 கிராம் சிலிண்டர் ஃபுல்லில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள தட்டில் சிலிண்டரை நிறுத்துங்கள், இல்லையென்றால் பெரிய சிலிண்டருக்கு மாறுங்கள். தீயில் காட்டிச் சூடாக்குவதும் சிலிண்டரைச் சாய்த்துவைப்பதும் வேண்டாம். சாய்த்தால் திரவமாகவே பர்னருக்கு வந்து கொழுந்துவிடும்.

குளிர் காலத்தில் மட்டும் வருகிறதென்றால் சிலிண்டரில் என்ன கேஸ் என்று பாருங்கள். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் கொதிக்கும், பியூட்டேன் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். கலவை சிலிண்டரில் புரொப்பேன் முதலில் வேகமாகத் தீர்ந்து கடைசியில் பியூட்டேன் மட்டும் மிஞ்சும், அதனால்தான் பாதி சிலிண்டர் இருந்தும் விடிகாலையில் அடுப்பு முனகுகிறது. அங்கே அடுப்பை நோண்டிப் பிரயோஜனம் இல்லை.

### நாள்பட மெல்ல மெல்லக் குறைந்தது

இங்கேதான் ஜெட். பர்னரைத் தூக்கி, அடியில் உள்ள பித்தளை ஜெட்டைச் சரியான ஸ்பேனரால் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். நடுவில் ஒரு மயிரிழை வட்டம் தெரிய வேண்டும், பளிச்சென்று, ஓரம் கூர்மையாக. வட்டம் பிறையாகத் தெரிந்தாலோ ஓரம் மங்கலாக இருந்தாலோ அடைப்பு. ஆல்கஹாலில் ஊறவிட்டு, கேஸ் வெளியே வரும் பக்கத்திலிருந்து உள்பக்கமாகக் காற்று ஊதுங்கள், மறுபடி பாருங்கள். பிடிவாதமாக இருந்தால் மின்ஒயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழையை மட்டும் விடலாம், செம்பு பித்தளையைவிட மெத்து. ஊசி, குண்டூசி, துளைக் கம்பி எதுவும் வேண்டாம். விட்டம் பத்து சதவீதம் கூடினால் வெளிவரும் கேஸ் இருபது சதவீதத்துக்கு மேல் கூடும், அத்தனைக்கும் காற்று கிடைக்காமல் தீ மஞ்சளாகிக் கரி படியும். "துளை பெரிசு பண்ணினேன், இப்போது பாத்திரம் கறுக்கிறது" என்பது நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை. அதற்கு மருந்து புது ஜெட் மட்டும்தான்.

ஜெட்டைச் சுத்தம் செய்து மாட்டிய கொஞ்ச நாளில் மறுபடி அடைத்தால் ட்யூபைச் சந்தேகப்படுங்கள். உயர் அழுத்தத்தில் கிடக்கும் ரப்பர் ட்யூபிலிருந்து, அதை வளைந்துகொடுக்க வைக்கும் எண்ணெய் கரைந்து வரும். ட்யூபைக் கழற்றி ஒரு முனையை வெள்ளைக் காகிதத்தின் மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். தேன் நிறத்தில் பிசுக்கு சொட்டினால் அதேதான் ரெகுலேட்டருக்குள்ளும் ஜெட்டுக்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது. எண்ணெய் விடாத வகை ட்யூபை வாங்குங்கள், அல்லது நடுவில் ஒரு வடிகட்டி போடுங்கள். சமையல் முடிந்ததும் நாப்பை மூடாமல் முதலில் சிலிண்டரை மூடி, ட்யூபில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து அணைந்த பிறகு நாப்பை மூடுகிற பழக்கம் நல்லது, இரவெல்லாம் ட்யூப் அழுத்தத்தில் கிடக்காது.

பிசுக்கு ரெகுலேட்டருக்குள் போய்விட்டால் அதைத் திறந்து கழுவ நினைக்காதீர்கள், மாற்றுங்கள்.

### ஒரு பர்னர் மட்டும் சின்னது

நல்ல செய்தி. சிலிண்டர், ட்யூப், ரெகுலேட்டர் மூன்றுமே நிரபராதிகள். இரண்டு பக்க ஜெட்டிலும் அச்சிட்ட எண் ஒன்றே என்றால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழுது ஜெட்டோடு இடம் மாறினால் ஜெட், மாறாமல் அதே பக்கம் நின்றால் வால்வு.

## மஞ்சளாக எரிகிறது, பாத்திரம் கறுக்கிறது

புது அடுப்பில் முதல் தடவை பெயிண்ட் வாசனையோடு ஆரஞ்சு வந்தால் விடுங்கள். நீலத்துக்கு நடுவே அங்கங்கே ஆரஞ்சுப் பொறி தெறித்தால் தூசியோ உப்புக் காற்றோ, அதையும் விடுங்கள். நுனி முழுக்க மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் காற்று போதவில்லை.

சுலபமான காரணம் காற்று ஷட்டர், அதாவது காற்று நுழையும் வழியைத் திறந்து மூடும் தகடு, மூடியிருப்பது. எல்லா அடுப்பிலும் இது இருக்காது. இருந்தால் திருகைத் தளர்த்தி, தீ நீலமாகும் வரை திறந்து, அங்கேயே இறுக்குங்கள்.

அடுத்தது சிலந்தி. நிஜமாகத்தான். மூலையில் சில மாதம் கிடந்த அடுப்பின் கலவைக் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டிவிடும், டார்ச் அடித்தால் வெள்ளைப் பஞ்சை மெழுகினதுபோல் தெரியும். எரிபொருள் வாசனை சில வகைச் சிலந்திகளை இழுக்கிறது. 2011இல் மாஸ்டா நிறுவனம் தன் கார்களில் ஒரு வகையை இதற்காகவே திரும்பப் பெற்றது, எரிபொருள் தொட்டியின் காற்றுக் குழாயில் சிலந்தி வலை கட்டியதால். கம்பி பிரஷை விட்டு இழுத்து, காற்று ஊதி, மறுமுனையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பை போட்டுக் கட்டிவைக்கும் பழக்கம் இருந்தால் அடுத்த பருவத்தில் இந்தப் பத்தியே வேண்டாம்.

இதெல்லாம் சரியென்றால் ஜெட்டை யாரோ தொட்டிருக்கிறார்கள், அல்லது அது இயற்கை எரிவாயுவுக்கான ஜெட். ஒரே கன அளவுக்குப் புரொப்பேனில் வெப்பம் இரண்டு மடங்குக்கு மேல், அதனால் அதன் ஜெட் சின்னதாக இருக்க வேண்டும். எண்ணைப் பார்த்துச் சரியானதை வாங்குங்கள்.

பாத்திரத் தாங்கியை அறுத்து உயரம் குறைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எரிபொருள் மிச்சமாகும் என்று செய்கிறார்கள், ஆனால் சில்லென்ற பாத்திரம் தீயின் நடுவில் உட்கார்ந்து எரிதலை பாதியில் வெட்டுகிறது, கார்பன் மோனாக்சைடு கூடுகிறது. அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. சமைக்கும்போது தலைவலி, குமட்டல் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளிக்காற்றுக்குப் போங்கள், பழுதை அப்புறம் தேடலாம். எந்த அடுப்பும் கூடாரத்துக்குள் வேண்டாம், நீலமாக எரிந்தாலும்.

## தீ பர்னரை விட்டு எழும்புகிறது அல்லது உள்ளே இறங்குகிறது

எழும்பி உர்ரென்று சத்தம் போட்டால் காற்று அதிகம், ஷட்டரைக் கொஞ்சம் மூடுங்கள். ஷட்டர் இல்லாத அடுப்பில் திடீரென்று இப்படி ஆனால் ரெகுலேட்டர் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவில்லை. உடனே நிறுத்தி ரெகுலேட்டரை மாற்றுங்கள், புதிதிலும் அப்படியே என்றால் மெக்கானிக்.

டப்பென்ற சத்தத்தோடு தீ மறைந்து குழாய்க்குள் இரைச்சல் கேட்டால் தீ உள்ளே எரிகிறது. தயங்காமல் மூடுங்கள், ஆறவிடுங்கள். பர்னர் மூடி கோணலாக உட்கார்ந்திருக்கும், ஜெட் பாதி அடைத்திருக்கும், இல்லையென்றால் காற்றில் சிம்மில் வைத்திருப்பீர்கள். பர்னர் துருப்பிடித்து ஓட்டைகள் பெரிதாகியிருந்தால் பர்னரையே மாற்ற வேண்டும்.

## நாப்பை விட்டதும் அணைகிறது

தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு உள்ள அடுப்புகளில் மட்டும் வரும். முதலில் பொறுமை: நாப்பை அழுத்திப் பத்துப் பதினைந்து விநாடி பிடித்துவிட்டு விடுங்கள். அதற்குப் பிறகும் என்றால் பர்னர் ஓரம் நிற்கும் செப்பு நிறக் குச்சியின் நுனி தீக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், அடிபட்டு வளைந்திருக்கும். நுனியில் கரி இருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் தேயுங்கள். மறுமுனை வால்வில் சேரும் நட்டைக் கையால் இறுக்கி மேலே கால் சுற்று மட்டும். இதற்கும் மசியாவிட்டால் அந்தக் குச்சியை, அதாவது தெர்மோகப்பிளை மாற்றுங்கள், விலை குறைந்த பாகம்தான். மாற்றியும் நிற்கவில்லையென்றால் வால்வுக்குள் இருக்கும் காந்தச் சுருள், அது மெக்கானிக் வேலை. நாப்பை அழுத்தியபடி கட்டிவைத்து அந்தப் பாதுகாப்பை ஏமாற்றுவது வேண்டாம்.

## சிம்மில் நிற்கவில்லை, அடிப்பிடிக்கிறது

உண்மையைச் சொன்னால் பல அடுப்புகளில் இது பழுதே இல்லை, குணம். நாப்பின் முதல் கொஞ்ச தூரத்திலேயே முழுக் கேஸும் வந்துவிடும்படி செய்திருப்பார்கள். நாப் தண்டில் வழுக்குகிறதா, சரியாக உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றபடி தீக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு தடித்த இரும்புத் தட்டு வையுங்கள். இதுவே எனக்குத் தெரிந்த மலிவான, ஆபத்தில்லாத மாற்றியமைப்பு. தட்டு இரண்டு பர்னரையும் மூடும் அகலத்தில் இருக்கக்கூடாது, சூடு கீழே திரும்பி நாப்பை உருக்கி ட்யூபையும் வேகவைத்துவிடும்.

## காற்றடித்தால் அணைகிறது

அலுமினியத் தகட்டில் மூன்று பக்கம் தடுப்பு செய்யலாம், அடியில் விரலளவு இடைவெளி விட்டு, பர்னருக்குக் காற்று போகட்டும். சிலிண்டர் பர்னருக்கு நேர் அடியில் இருக்கும் அடுப்பில் சுற்றித் தடுப்புக் கட்டவே கூடாது, சிலிண்டர் சூடேறி வெடிக்கும். உள்ளங்கையைச் சிலிண்டரில் வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் அப்போதே அணையுங்கள்.

## அடுப்பையே மாற்றலாம் என்றால்

மேலே எந்தப் பத்தியில் அதிக நேரம் செலவழித்தீர்களோ அதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். காற்றில் அவதிப்பட்டவர் மூன்று பக்கத் தடுப்பும் பர்னருக்குக் கீழே தாழ்ந்த குழியும் உள்ளதைப் பாருங்கள். சிம்மில் அவதிப்பட்டவர் எரியவைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள், பிடியு எண் பெரிதாக இருந்தால் சிம் நன்றாக வரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. குளிரில் அலைபவர் பியூட்டேன் பக்கமே போகாதீர்கள். அடாப்டர் வைத்துப் பியூட்டேன் அடுப்பைப் புரொப்பேனில் ஓட்டலாம் என்று விற்கிறார்கள், அந்த அடுப்பின் உள் பாகங்கள் புரொப்பேன் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை இல்லை.

கடைசியாக அடுப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். ஜெட் ஸ்பேனரில் கழலும்படி இருக்கிறதா, ரெகுலேட்டரும் ட்யூபும் தனித்தனியாகப் பிரிகின்றனவா, வால்வு உதிரியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். எல்லாம் ரிவெட் அடித்துப் பூட்டியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிடுங்கள்.